பதினோராவது படி

“இது அவரு போட்டிருந்த தாயத்து இல்ல மேடம். மாத்திட்டாங்க.”

தனக்கோடி மேசைமேல் வைத்த தாயத்து, கரியில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. தன் புருஷன் பதினொரு வருஷமாக இடுப்பில் கட்டியிருந்தது சுத்த வெள்ளி என்றும், ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது ஏதோ தகரம் என்றும் அவள் சொன்னாள். உயிரையும் எடுத்துக்கொண்டு, திருடன் என்று பேரையும் வைத்து, கடைசியில் தாயத்தையுமா என்று கேட்டாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

காக்ஸ் டவுனில், கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். சாந்தகுமாரி இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உண்மையைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பொய் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன் என்பார். அவருக்கு உதவியாள், ஆட்டோ டிரைவர், சமயத்தில் தலைவலி, எல்லாமே ரகுதான்.

“ரகு, விபூதி எடு.”

“இதுக்கு மேல வேண்டிக்க என்ன இருக்கு மேடம்” என்றபடி அவன் டிராயரிலிருந்து பொட்டலத்தை எடுத்தான்.

சாந்தகுமாரி ஒரு சிட்டிகை விபூதியைத் தாயத்தின் ஓரத்தில் வைத்து, துணியால் அழுத்தித் தேய்த்தார். கறுப்பு விலகிக் கீற்றாக வெள்ளி பளிச்சிட்டது. தனக்கோடி குனிந்து பார்த்தாள்.

சாக்கடையோர வீடுகளில் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போகும், கவனித்திருப்பீர்கள். கழிவு அழுகும்போது கிளம்பும் வாயுவில் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்தால் மேலே கறுப்பாக ஒரு படலம் பிடிக்கும், செம்பையும் அது சும்மா விடாது. கொலுசு கறுக்க மாதக்கணக்கில் ஆகும். ஒரு தாயத்து ஒரே நாளில் இப்படிக் கறுத்திருக்கிறது என்றால், அது கிடந்த இடத்தில் வாயு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சாந்தகுமாரி இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, இது அவருடைய தாயத்தேதான் என்று தனக்கோடியின் கையில் திருப்பி வைத்தார்.

நடந்தது இது. தனக்கோடியின் புருஷன் கிருஷ்ணப்பா, ஜீவனஹள்ளிக்காரர். பத்து மாதத்துக்கு முன் கைத்துணை ரோபோடிக்ஸ் என்ற கம்பெனியில் சேர்ந்தார். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளுக்குப் பதில் ரோபோவை இறக்கிச் சுத்தம் செய்யும் கம்பெனி அது. முதலாளி பெயர் வெங்கடகிருஷ்ணன். கழுத்தில் மாட்டும் அட்டையில் ‘ரோபோ ஆபரேட்டர்’ என்று போட்டுக் கொடுத்தார்கள். அப்பா இனிமேல் மேலே உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினால் போதும் என்று கிருஷ்ணப்பா மகளிடம் சொல்லியிருந்தார்.

ஐந்து நாளைக்கு முன், ஹெப்பகோடியில் ஒரு துணிச் சலவை ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் அவர் பிணமாகக் கிடந்தார். பக்கத்தில் பம்பு மோட்டாரின் கேபிள் கிடந்தது. ரோபோ வேலையை முடித்து மேலே வந்துவிட்டது, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கேபிளில் இருக்கும் செம்பைத் திருட இவராகவே இறங்கிவிட்டார் என்று வெங்கடகிருஷ்ணன் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா இன்று மாலை நான்கு மணிக்கு ஃபைலை மூடப்போகிறார். திருடப் போய்ச் செத்தவன் என்ற ஒரு வரியோடு.

“பள்ளிக்கூடத்துல எம் பொண்ணைக் கேக்கறாங்க மேடம், உங்கப்பா என்னா திருடுனாருன்னு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

கவரில் வேறு என்ன இருந்தது என்று சாந்தகுமாரி கேட்டார். ஒரு சட்டை, ஒரு பேண்ட். பேண்ட்டின் வலது இடுப்பில், பெல்ட் நுழைக்கும் துணி வளையம் பிய்ந்து தொங்கியது. அந்த வளையத்தை அதே வாரம்தான் இரட்டைத் தையல் போட்டுத் தைத்ததாக தனக்கோடி சொன்னாள். சாந்தகுமாரி பிய்ந்த நூலைத் தூக்கிப் பார்த்தார். வளையத்தின் கீழ்த்தையல் அப்படியே இருந்தது. மேல்தையல்தான் விட்டிருந்தது.

“யாரோ மேலேருந்து இழுத்திருக்காங்க” என்றார். பேண்ட்டை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

*

ஹெப்பகோடி போய்ச் சேர மதியம் பன்னிரண்டரை ஆகிவிட்டது. சலவை ஆலையின் வாட்ச்மேன் தர்மபுரிக்காரர். தனக்கோடியைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பக்கத்து கேட்டைத் திறந்துவிட்டார். அன்றைக்குத் தன்னை முன்கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், எதையும் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

“மேடம், அபார்ட்மென்ட்ல நம்ம ஆட்டோவ உள்ள விடமாட்டான். சாக்கடைன்னா மட்டும் சல்யூட் அடிச்சு விடறான்” என்றான் ரகு.

தொட்டியின் மூடியைத் திறந்தால் நாற்றம் முதலில் வரும், வெளிச்சம் உள்ளே போகாது. டார்ச் அடித்தாலும் நாலைந்து அடிக்குக் கீழே மங்கிவிடும். இதற்குக் கிணறு தூர் வாருகிறவர்களிடம் ஒரு வழி உண்டு. வெயிலில் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, சூரியனையே குழிக்குள் திருப்பிவிடுவார்கள். எந்த டார்ச்சும் அதற்கு ஈடாகாது. சாந்தகுமாரி கேட்டதும் ரகு தன் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியைத் திருகிக் கழற்றினான். இதைக் கழற்றியதற்கும் டிராஃபிக்காரன் ஃபைன் போடுவான் என்று முணுமுணுத்தான்.

மேலே நின்றபடியே வெளிச்சத்தை இறக்கினார்கள். சுவரில் இரும்புக் கம்பியை வளைத்துப் பதித்த படிகள், ஒவ்வொன்றும் ஓர் அடி இடைவெளியில், ஏணிபோலக் கீழே போயின. சாந்தகுமாரி எண்ணச் சொன்னார். ரகு எண்ணினான். பத்து வரை சரியாக வந்தவன் நின்றான்.

“பதினொண்ணு லீவு மேடம்.”

துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. சுவரில் இரண்டு பழுப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. பத்தாவது படியில் நிற்பவன் காலை இரண்டடி கீழே நீட்டித் துழாவி, பன்னிரண்டாவதைப் பிடிக்க வேண்டும். அதற்குக் கீழே பதினேழு வரை ஒழுங்காக இருந்தன. பிறகு சேறு.

தனக்கோடி எட்டிப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சாந்தகுமாரி சின்ன நோட்டில் ‘17, அதில் 11 இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

*

கைத்துணையின் பட்டறை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு பெரிய படம். ரிமோட்டைப் பிடித்தபடி, வெள்ளைத் தொப்பியோடு கிருஷ்ணப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘இனி எந்த மனிதனும் இறங்க வேண்டாம்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது.

தனக்கோடி அந்தப் படத்தின்முன் நின்றுவிட்டாள். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா முன்னமே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு லிஃப்ட் விபத்து வழக்கில் சாந்தகுமாரியின் சாட்சியத்தால் ஒரு பில்டருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர். அந்த மரியாதையில்தான் நேரம் கொடுத்திருந்தார். ஆனால் பொறுமை குறைவு. “பேக பேக முடிங்க மேடம். நாலு மணிக்கு நான் சைன் ஆக்கணும்” என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார்.

வெங்கடகிருஷ்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். சேலத்திலிருந்து படிப்புக்கு வந்து, ஐ.டி. வேலை பார்த்து, பிறகு கம்பெனி தொடங்கியவர். மென்மையாகப் பேசினார். தனக்கோடியைப் பார்த்து, நடந்ததற்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது சிஸ்டர், ஆனால் ஆசை யாரையும் விடுவதில்லை என்றார். தனக்கோடி அவர் பக்கம் திரும்பவில்லை.

பட்டறையின் நடுவில் நின்றது ரோபோ. பீமா என்று பேர். அது எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் புரிய அது வேண்டும். தொட்டி வாயின்மேல் முக்காலி ஒன்றை நிறுத்துவார்கள். அதில் மோட்டார் வைத்த உருளை, உருளையில் இரும்புக் கயிறு, கயிற்றின் நுனியில் பீமா. உருளை சுற்றச் சுற்ற பீமா இறங்கும். கீழே போனதும் ஒற்றைக் கையை நீட்டிச் சேற்றை வாரி வாளியில் போடும். முகம்போல ஒரே ஒரு கேமரா. அதன் பக்கத்தில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிதான் வாயுவை அளக்கும், ஆழத்தையும் அளக்கும், அளந்ததை அந்தந்த நிமிடமே மேலே இருக்கிற டேப்லட்டுக்கு அனுப்பும்.

அழகான யந்திரம். அதைப் பார்த்தபோது சாந்தகுமாரிக்குக் கோபம் இன்னும் கூடியது. சரியாகச் செய்யப்பட்டிருந்தது அது. மோசமான யந்திரமாக இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

ரகு அதைச் சுற்றி வந்தான். பிறகு அதன் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்தான்.

“மேடம், இவருக்குப் பொட்டு வெச்சிருக்காங்க.”

ஆயுத பூஜைப் பொட்டு. யந்திரம் எதுவானாலும் சந்தனமும் குங்குமமும் வைப்பது இந்த ஊரில் எல்லாப் பட்டறையிலும் உள்ளதுதான். லேத் மெஷினுக்கு வைப்பார்கள், கம்ப்யூட்டருக்கும் வைப்பார்கள். மெஷினுக்கு எது முகமோ அங்கே வைப்பார்கள். பீமாவுக்கு நெற்றி கிடையாது, கண் மட்டும்தான். வைத்தவர் நல்ல மனதோடு கட்டைவிரல் அகலச் சந்தனத்தைக் கேமராக் கண்ணாடியின் நடுவிலேயே அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமத்தில் ஒரு தூள்கூடக் கலையவில்லை.

ஆயுத பூஜை முடிந்து இருபத்தாறு நாள் ஆகிறது, அதற்குப் பிறகு பீமா எத்தனை தொட்டியில் இறங்கியது என்று சாந்தகுமாரி கேட்டார். பத்தொன்பது என்று வெங்கடகிருஷ்ணன் பெருமையாகவே சொன்னார்.

“பத்தொன்பது சாக்கடையில குளிச்சும் பொட்டு அழியல. எங்க சித்தி பஸ்ல போயிட்டு வந்தாலே அழிஞ்சிடும்” என்றான் ரகு.

கோவிந்தப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

வெங்கடகிருஷ்ணன் அசரவில்லை. பையன்கள் அமாவாசைக்கு அமாவாசை புதிதாக வைப்பார்கள் என்றார். சேற்றில் கேமரா எதற்கும் உதவாது, பெட்டி தரும் எண்களை வைத்துத்தான் ஓட்டுவோம் என்றார். பிறகு ஓர் ஆளை அழைத்தார். வந்தவள் அனுஷா, அந்தப் பெட்டியை வடிவமைத்த பொறியாளர். இருபத்தாறு வயதிருக்கும், தூங்கிப் பல நாளானவள்போல் இருந்தாள். அவள் கையிலிருந்த தாளை வாங்கி இன்ஸ்பெக்டரின் முன் வைத்தார்.

ஐந்து நாளைக்கு முந்தைய பதிவு. காலை பதினொன்று பத்துக்குப் பெட்டி தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அதிகபட்ச ஆழம் பதினேழு அடி. வாயு, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில், அறுநூறைத் தாண்டியிருக்கிறது. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு மேலே வந்திருக்கிறது. மேலே பட்டறையில் உட்கார்ந்துகொண்டு யாரும் இப்படி ஒரு வாயுவை உண்டாக்க முடியாது, பீமா உள்ளே போனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார்.

“டேப்லட் என் கையிலதான் இருந்துச்சு. ஸ்டேட்மென்ட்லயும் அதைத்தான் எழுதியிருக்கேன். டேட்டா பொய் சொல்லாது மேடம்” என்றார் வெங்கடகிருஷ்ணன்.

“சொல்லாது” என்று சாந்தகுமாரி ஒத்துக்கொண்டார்.

பொட்டு அவர் பக்கம் இருந்தது. தாள் முதலாளி பக்கம் இருந்தது. பீமா இறங்கவில்லை, ஆனால் பீமாவின் பெட்டி இறங்கியிருக்கிறது. இரண்டுமே உண்மை.

சாந்தகுமாரி மறுபடி பீமாவிடம் போனார். பெட்டியை உடம்போடு பிடித்திருந்தவை, காது வைத்த இரண்டு திருகுகள். ஸ்பேனர் வேண்டாம், விரலால் திருகினாலே கழன்றுவிடும். ஏன் இப்படி என்று அனுஷாவிடம் கேட்டார். மாதம் ஒருமுறை அளவு சரிபார்க்கக் கழற்ற வேண்டியிருக்கும், பேட்டரியும் அதற்குள்ளேயே இருக்கிறது, அதனால் தனியாக வேலை செய்யும் என்று அனுஷா சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆழத்தை எப்படி அளக்குதும்மா?”

காற்றழுத்தத்தை வைத்து என்றாள். நம் தலைக்குமேல் இருக்கிற காற்றுக்கும் எடை உண்டு. கீழே இறங்க இறங்க அந்த எடை கொஞ்சம் கூடும். ஓர் அடி இறங்கினால் கூடுகிற மிகச் சிறிய எடையைக்கூட இப்போதைய கருவி கண்டுபிடித்துவிடும். சில கைப்பேசிகளிலும் அது உண்டு. ஆக இந்தப் பெட்டிக்குக் கயிறு வேண்டாம், பீமா வேண்டாம். யார் தூக்கிக்கொண்டு போனாலும் எத்தனை அடி என்று சரியாகச் சொல்லும்.

சாந்தகுமாரி அந்தத் தாளில் ஆழம் என்ற இடத்தில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது என்றார். முழுக் கோட்டையும் பார்க்க வேண்டும் என்றார். கோடு இருக்கிறது, ஆனால் அதைச் சமன்படுத்திவிடுவோம் என்று அனுஷா சொன்னாள். இறங்கும்போது ஒழுங்கில்லாமல் மேடும் பள்ளமுமாக வந்தது. கயிற்று உருளை உலுக்குவதால் வருகிற பிழை, வடிகட்டிவிடு என்று சார் சொன்னார், வடிகட்டிவிட்டேன் என்றாள்.

“வடிகட்டாதது இருக்கா?”

அனுஷா முதலாளியைப் பார்க்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள். வெங்கடகிருஷ்ணன் அது கம்பெனி ரகசியம் என்றார். கோவிந்தப்பா நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோடு வந்தது. வழுவழுவென்று சரியவில்லை. ஓர் அடி இறங்கி நின்றது, இன்னோர் அடி இறங்கி நின்றது. மாடிப்படியைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

“நான் இருபத்திரண்டு வருஷம் உருளையும் கயிறும் பாத்தவ சார்” என்று சாந்தகுமாரி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். “மோட்டார் இறக்கினா ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டமாதிரி வரும். அடிக்கு அடி நின்னு மூச்சு வாங்கற மோட்டார் உலகத்துல இல்ல. எண்ணிப் பாருங்க.”

கோவிந்தப்பா விரலைத் திரையில் வைத்து எண்ணினார். ஒந்து, எரடு என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டே வந்தவர், பத்து முடிந்ததும் நிறுத்தினார். அடுத்த படி மற்றவற்றைப்போல் இல்லை. இரண்டு மடங்கு உயரம்.

சாந்தகுமாரி நோட்டைத் திறந்து அவர் முன் வைத்தார். 17, அதில் 11 இல்லை. சந்தேகம் இருந்தால் வாசலில் நிற்கிற ஆட்டோவில் கண்ணாடி இருக்கிறது, இரண்டு தெரு தள்ளித் தொட்டி இருக்கிறது என்றார்.

தனக்கோடி சுவர்ப் படத்தை விட்டுத் திரும்பியிருந்தாள்.

பெட்டியைக் கழற்றிக் கிருஷ்ணப்பாவின் இடுப்பில் மாட்டி இறக்கியிருக்கிறார்கள். ரோபோ வேலை செய்ததாகப் பதிவு வந்துவிடும். ஏன் என்ற கேள்விக்கு அனுஷாவே பதில் சொன்னாள். முதலில் செய்த பீமாவின் மின்பலகைகள் மூன்றே மாதத்தில் கறுத்துச் செத்துப்போயின. உள்ளே இருக்கிற வெள்ளி, செம்பு இணைப்புகளை வாயு தின்றுவிட்டது. அதனால் புதிய பீமாவுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். வாயு நூறைத் தாண்டக்கூடிய தொட்டியில் அதை இறக்கக் கூடாது, தாண்டினால் டேப்லட் கத்தும், உடனே மேலே இழுத்துவிட வேண்டும். யந்திரத்துக்கு ஆபத்து.

தனக்கோடியின் முந்தானை முடிச்சில் தாயத்து இருந்தது. அவள் அதை இறுகப் பிடித்தாள்.

“யந்திரத்துக்கு நூறு” என்றார் சாந்தகுமாரி. “மனுஷனுக்கு எத்தனைன்னு வெச்சீங்கம்மா?”

அனுஷா திரையில் தேடினாள். அப்படி ஒரு கட்டமே அதில் இல்லை.

வெங்கடகிருஷ்ணன் எழுந்தார். குரல் இப்போது மென்மையாக இல்லை. சரி, பெட்டியை அவன் கொண்டுபோனான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காமல் தானாகக் கொண்டுபோனான், திருட வந்தவனுக்கு வாயு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா, அதற்காகத்தான் எடுத்துப் போயிருக்கிறான் என்றார். நல்ல பதில்தான். கோவிந்தப்பாவின் பேனா ஒரு கணம் தயங்கியது.

சாந்தகுமாரி கோட்டின் மறுமுனையைக் காட்டச் சொன்னார்.

பதினொன்று இருபத்தாறு. சேற்றைக் கிளறினால் அடியில் சிறைப்பட்டிருக்கும் வாயு பொங்கி வரும். நூற்று நாற்பது. டேப்லட் கத்தியிருக்கிறது. கத்தலை நிறுத்த டேப்லட்டில் ரகசிய எண் போட வேண்டும், போட்டால் நான்கு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கத்தும். யாரோ போட்டிருக்கிறார்கள். ஆழக் கோடு அப்போதும் லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார் என்று அர்த்தம். இந்த வாயுவில் ஒரு வஞ்சகம் உண்டு. குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று மனிதன் நினைத்துக்கொள்வான். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மேலே டேப்லட் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொன்று இருபத்தொன்பது. அறுநூறு. கோடு ஒரே வெட்டாக மூன்றடி கீழே விழுந்தது. அதன்பிறகு ஆடவே இல்லை.

பதினொன்று முப்பதுக்கு மறுபடி கத்தல் நிறுத்தப்பட்டிருந்தது. முப்பத்துநாலுக்கு ஒருமுறை. முப்பத்தெட்டுக்கு ஒருமுறை. நாலு தடவையும் ஒரே ரகசிய எண். யாருடையது என்று கேட்கும் முன்பே, சாருடையது என்று அனுஷா சொல்லிவிட்டாள்.

“இப்ப இதைப் பாருங்க சார்” என்றார் சாந்தகுமாரி.

பதினொன்று நாற்பத்தொன்று. பெட்டி மேலே வந்த நேரம். அதில் படிகள் இல்லை. பதினோராவது இடத்திலும் தயங்கவில்லை. கீழிருந்து மேல்வரை ஒரே கோடு, சர்ரென்று.

அனுஷா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரகுவுக்குப் புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆனது.

சாந்தகுமாரி பையிலிருந்து பேண்ட்டை எடுத்து விரித்தார். மேலிருந்து பிய்க்கப்பட்ட வளையத்தைக் காட்டினார். பெட்டியைக் கொக்கியில் மாட்டி அந்த வளையத்தில் கோத்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து ஒரு கயிறு மேலே வந்திருக்கிறது. உருளையில் சுற்றவில்லை, கையால்தான் இழுத்திருக்கிறார்கள்.

“கயிறு இருந்துச்சு” என்றார். “பெட்டிக்குக் கட்டியிருந்தீங்க. ஆளுக்குக் கட்டல. அவரு விழுந்தப்புறம் பன்னெண்டு நிமிஷம் காத்திருந்து, பெட்டியை மட்டும் பிச்சு மேல எடுத்துக்கிட்டீங்க. முதல் தடவை அது கத்தினப்ப அவரு நின்னுட்டிருந்தாரு.”

பூஜைக்குப் பிந்தைய மற்ற பதினெட்டுப் பதிவுகளையும் அனுஷா ஒவ்வொன்றாகத் திறந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே திறந்தாள். பதினெட்டும் படிகள். இறங்கும்போதும் படி, ஏறும்போதும் படி. பதினெட்டு முறை ஒரு மனிதன் உள்ளே போய் உயிரோடு ஏறி வந்திருக்கிறான். அதை அவள் பிழை என்று வடிகட்டியிருந்தாள்.

வெங்கடகிருஷ்ணன் வக்கீலுக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். கோவிந்தப்பா போனை அவர் கையிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஸ்டேட்மென்டில் டேப்லட் உங்கள் கையில் இருந்தது என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். கான்ஸ்டபிளை அழைத்து வாசலில் நிற்கவைத்தார். தொட்டிக்குள் ஆளை இறக்குவதையே தடை செய்கிற சட்டம் ஒன்று இருக்கிறது, அதோடு இன்னும் சில பிரிவுகளும் சேரும் என்று கன்னடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டார். பீமாவின் பொட்டையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“சாட்சி நம்பர் ஒண்ணு” என்றான் ரகு. “கண்ணு தெரியாத சாட்சி.”

பெட்டியைச் சான்றுப் பொருளாக எடுக்க வேண்டும். ரகு விரலால் திருகினான். இரண்டு திருகும் கழன்று பெட்டி கையில் வர ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

மணி மூன்றரை. கோவிந்தப்பா பழைய தாளைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். ‘திருட’ என்று தொடங்கிய வரியைத் தனக்கோடிக்குக் காட்டி, அவள் பார்க்கவே இன்னொரு முறை அழுத்தி அடித்தார். புதுத் தாளை எடுத்தார். பெயர், வயது, விலாசத்தைப் பழைய தாளைப் பார்த்து எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், படத்தில் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

“தொழில், ரோபோ ஆபரேட்டர். சரிதானம்மா?”

தனக்கோடி முன்னால் வந்தாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“ஆபரேட்டரு அவரு இல்ல சார். ஆபரேட்டரு அதோ நிக்கிறாரு” என்று வெங்கடகிருஷ்ணனைக் காட்டினாள். “எங்க ஊட்டுக்காரருக்கு ரோபோன்னு எழுதுங்க. அந்த வேலையத்தான் பார்த்தாரு.”